வாசலில் வாரண்டு: மதிப்பீட்டு வரி பாக்கியும் சட்டமும்

வீட்டுக் கடன், கார் தவணை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு என்று வரிசை கட்டி நிற்கும்போது, பல குடும்பங்கள் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒதுக்கி வைப்பது மதிப்பீட்டு வரியைத்தான். ‘சுக்காய் பிந்து’ என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். தீபகற்ப மலேசியாவில் ஊராட்சி மன்றங்கள் இதனை ஆண்டுக்கு இரு முறை வசூலிக்கின்றன. முதல் தவணைக்குப் பிப்ரவரி இறுதியும் இரண்டாவது தவணைக்கு ஆகஸ்டு இறுதியும் கெடு. நில அலுவலகத்தில் கட்டும் நிலவரி வேறு, இது வேறு. ஒன்றைக் கட்டிவிட்டால் மற்றது தீர்ந்துவிடாது.

கெடு தாண்டியதும் யாரும் லாரியோடு வந்து நிற்பதில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின்படி முதலில் வருவது ‘இ’ பாரம். பாக்கியையும் அதற்கான கட்டணத்தையும் 15 நாளில் செலுத்தச் சொல்லும் அறிவிப்பு இது. அதற்கும் பதில் இல்லையென்றால் ‘எஃப்’ பாரம், அதாவது பொருள்களைப் பறிமுதல் செய்யும் வாரண்டு வரும். வாரண்டோடு வரும் அதிகாரி, பகல் நேரத்தில் பூட்டை உடைத்து உள்ளே செல்லவும் சட்டம் இடம் தருகிறது. எடுக்கும் பொருள்களைப் பட்டியலிட்டு ‘ஜி’ பாரத்தை அவர் கொடுக்க வேண்டும். ஏழு நாளுக்குள் பாக்கியையும் செலவையும் கட்டாவிட்டால் பொருள்கள் ஏலத்துக்குப் போகும்.

வாடகைக்குக் குடியிருப்போர் இங்கே கவனமாக இருக்க வேண்டும். வரி வீட்டு உரிமையாளருடையது என்றாலும், அந்த வீட்டில் உள்ள அசையும் பொருள் யாருடையதாக இருந்தாலும் அதைப் பறிமுதல் செய்யலாம். தவணையில் வாங்கிய தொலைக்காட்சியும் சலவை இயந்திரமும் போய்விடக்கூடும். பொருளைக் காப்பாற்ற வாடகைதாரர் அந்தப் பாக்கியைக் கட்டினால், அத்தொகையை வாடகையில் கழித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பது முக்கியம்.

அதிகாரி வந்துவிட்டால் கூச்சலிடுவதாலோ கதவை மறித்து நிற்பதாலோ பயனில்லை. அவருடைய அதிகார அட்டையையும் வாரண்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். பெயர், முகவரி, கணக்கு எண், பாக்கித் தொகை ஆகியவை சரியா என்று ஒப்பிட வேண்டும். ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதைக் காட்டலாம். பட்டியலில் கையெழுத்திடுமுன் ஒவ்வொரு பொருளும் எழுதப்பட்டிருக்கிறதா எனச் சரிபார்ப்பது நல்லது. ரசீது தராத எவர் கையிலும் பணம் கொடுக்கக் கூடாது.

வீட்டை விற்றவர்களும் மூன்று மாதத்திற்குள் பெயர் மாற்றத்தை ஊராட்சி மன்றத்திற்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால், வேறொருவர் குடியிருக்கும் வீட்டின் வரி பழைய உரிமையாளர் தலையில் விழும்.

மொத்தமாகக் கட்ட இயலாதவர்கள் ‘இ’ பாரம் கைக்கு வந்த அன்றே வருமான விவரங்களோடு வரிப் பிரிவு முகப்பிடத்திற்குச் சென்று, தவணையில் கட்ட எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். அனுமதிப்பது மன்றத்தின் முடிவு. ஆனால் அந்த 15 நாளில் கேட்பவருக்குப் பேச இடம் இருக்கிறது. வாரண்டு வந்த பிறகு பாக்கியோடு பறிமுதல் செலவும் சேர்ந்துகொள்ளும். பிரிக்காத கடித உறை எந்தக் கடனையும் குறைத்ததில்லை.