மின்னொளியும் கூத்துக்களரியும்

முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் வழங்கிவரும் கோவலன் கூத்து, மின்சாரம் அறியாத காலத்திற் பந்தவொளியில் ஆடப்பெற்றதாகும். அவ்வொளி ஆடுவோர் முகத்திலும் காண்போர் முகத்திலும் ஒருங்கே படர்ந்தது. களரியும் சபையும் ஒன்றாயின.

மேனாட்டரங்குகளோ வாயுவிளக்கினால் அடிக்கடி தீக்கிரையாயின. 1881 ஆம் ஆண்டில் இலண்டன் சவோய் அரங்கு, சுவான் என்பார் ஆக்கிய ஏறத்தாழ 1,200 மின்குமிழ்களால் ஒளிபெற்றது. அரங்க உரிமையாளர் டொயிலி காட், எரியும் குமிழொன்றைச் சபையோர்முன் உடைத்துத் தீப்பற்றாமையைக் காட்டினார். பின்னர் ஒளியே கலைக்கருவியாயிற்று. நடனமாது லோயி புல்லர் வண்ணவொளியைத் தம் ஆடையிற் பாய்ச்சி ஆடியதோடு, மேடையமைப்புகளுக்கு 1890களில் ஆக்கவுரிமையும் பெற்றார். ஓரிடத்தில் நின்றே ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் இயன்றமையால், சபையை இருளாக்கி மேடையை மட்டும் ஒளிர்விக்கும் வழக்கம் பரவிற்று.

ஈழத்தில் 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி மின்னொளி மேடைக்குக் கொணர்ந்தார். கூத்து கற்றோரின் மதிப்பைப் பெற்றது. ஆயினும் காண்போர் இருளில் மறைந்தனர்.

போர்க்காலத்திற் பல்லாண்டுகள் மின்னிணைப்பை இழந்திருந்த வன்னி, இன்று அதனை மீளப் பெற்றுள்ளது. ஆதலின் நம் கூத்தர் மின்னொளியை விலக்க வேண்டுவதில்லை. ஆடுவோரும் காண்போரும் ஒருவரையொருவர் காணுமாறு அதனை அமைத்தலே வேண்டுவது.