வெந்நீர் ஹீட்டருக்கு எத்தனை ஆம்பியர் பியூஸ்?



முன்பெல்லாம் வெந்நீர் வேண்டுமானால் அண்டாவை அடுப்பில் ஏற்றி விறகு வைப்போம். இன்று பல கிராமத்து வீடுகளிலும் மின்சார ஹீட்டர் வந்துவிட்டது. பிள்ளை பெற்ற தாய் குளிக்கவும், கைக்குழந்தையைக் குளிப்பாட்டவும், மார்கழிக் குளிரில் வீட்டுப் பெரியவர்கள் ஊற்றிக்கொள்ளவும் நல்ல வசதிதான். அந்த வசதியே ஆபத்தாகிவிடாமல் இருக்க, பியூஸ் விஷயத்தைக் கணவன் மனைவி இருவருமே தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டில் நடப்பது என்ன?

"ஏங்க, ஹீட்டரைப் போட்டதும் வீடே இருட்டாயிடுச்சுங்க."

"பீஸ் போயிருக்கும். இரு, ஒயரைப் பிரிச்சு நாலு இழை சேத்து முறுக்கிப் போட்டுடறேன். இனிமே போகவே போகாது."

போகாதுதான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பியூஸ் போகாவிட்டால், சுவரில் ஓடும் ஒயர் சூடேறும். அதன் மேலுறை இளகிக் கருகும். பக்கத்தில் கூரை ஓலையோ துணிமணியோ இருந்தால் தீப்பிடிக்கும்.

பியூஸின் வேலை என்ன?

வாய்க்கால் தாங்கும் அளவுக்குத்தான் தண்ணீர் விடலாம். மீறினால் கரை உடையும். ஒயரும் அப்படித்தான். அளவுக்கு மேல் மின்சாரம் ஓடும்போது, கரை உடையுமுன் மடையை அடைப்பது போல, பியூஸ் கம்பி தான் உருகி மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. அதற்காகவே அதை ஒல்லியாக வைத்திருக்கிறார்கள். தடித்த கம்பி போட்டால் காவல்காரனைத் தூங்க வைத்தது போல் ஆகும்.

எத்தனை ஆம்பியர் போட வேண்டும்?

ஹீட்டரின் மேல் எத்தனை வாட்ஸ் என்று எழுதியிருக்கும். அதை 230 ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். அதற்கு அடுத்தபடி மேலே உள்ள பியூஸைப் போட வேண்டும்.

1000 வாட்ஸ்: 4.3 ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியர் பியூஸ்.
1500 வாட்ஸ்: 6.5 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் பியூஸ்.
2000 வாட்ஸ்: 8.7 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் பியூஸ்.
3000 வாட்ஸ்: 13 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் பியூஸ்.

பியூஸுக்குப் பதில் எம்.சி.பி. சுவிட்ச் வைத்திருந்தால் 5க்கு 6, 15க்கு 16 என்று வாங்குங்கள்.

இந்தக் கணக்கு ஹீட்டருக்கென்று தனி லைன் இருந்தால்தான் பொருந்தும். விளக்கு, விசிறிக்கான லைனில் 5 ஆம்பியர் பியூஸ்தான் இருக்கும், ஒயரும் மெல்லியது. அதிலேயே ஹீட்டரையும் செருகினால் பியூஸ் போவது பியூஸின் குற்றமல்ல. அங்கே 10 ஆம்பியர் பியூஸ் மாட்டுவது பரிகாரமும் அல்ல. மெயின் போர்டிலிருந்து ஹீட்டருக்குத் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு ஒயர், எர்த்தோடு கூடிய மூன்று துளைப் பெரிய பவர் பிளக், இரண்டும் வேண்டும். ஒயர் தாங்குவதைவிடப் பெரிய பியூஸ் ஒருபோதும் கூடாது.

பியூஸ் இருந்தால் ஷாக் அடிக்காதா?

பலர் ஏமாறுவது இங்கேதான். பியூஸ் காப்பது ஒயரை, ஆளை அல்ல. 5 ஆம்பியர் என்பது 5000 மில்லி ஆம்பியர். ஆனால் 100 மில்லி ஆம்பியர் உடம்பில் பாய்ந்தாலே இதயம் நின்றுவிடக்கூடும். அவ்வளவு சிறிய மின்சாரத்துக்குப் பியூஸ் அசையாது. ஆளைக் காப்பாற்ற எர்த் சரியாக இருக்க வேண்டும். அத்துடன் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியையும் வயர்மேனிடம் கேட்டுப் பொருத்துங்கள். மின்சாரம் கசிந்தால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் நிறுத்திவிடும்.

எது இருந்தாலும், வாளியில் போடும் ஹீட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

பியூஸ் போடும்போது

1. முதலில் மெயினை நிறுத்துங்கள். ஹீட்டர் சுவிட்சையும் அணையுங்கள்.
2. கை காலில் ஈரம் கூடாது. காலில் செருப்பு இருக்கட்டும்.
3. எத்தனை ஆம்பியர் என்று சொல்லிக் கடையில் பியூஸ் கம்பி வாங்கி வையுங்கள். ஒயர் இழை, கட்டுக் கம்பி எதுவும் வேண்டாம்.
4. சரியான கம்பி போட்டும் மறுபடி போனால், எங்கோ கோளாறு இருக்கிறது. வயர்மேனை அழையுங்கள்.

கணவர் வேலைக்கு வெளியூர் போயிருக்கலாம். ஆகவே மெயின் எங்கே இருக்கிறது, எப்படி நிறுத்துவது என்பது மனைவிக்கும், வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை நிறுத்துங்கள். உடனே 108க்குச் சொல்லுங்கள்.

இன்று மாலையே இருவரும் சேர்ந்து ஹீட்டரில் எழுதியுள்ள வாட்ஸைப் பாருங்கள். பிறகு மெயினை நிறுத்திவிட்டு, பீஸ் கட்டையில் என்ன கம்பி இருக்கிறது என்று பாருங்கள்.

பியூஸ் கம்பி போனால் போகட்டும். குடும்பம் நலமாய் இருக்கட்டும்!