கிருமி கொல்லும் உறைகள்: சில வினாக்கள்

"கிருமிகளில் நூற்றுக்கு 99.9 வீதத்தைக் கொல்லும்" என்னும் வாசகத்தை இன்று பல பொருள்களிற் காண்கின்றோம். கதவின் கைப்பிடியிலும், லிப்ட் பொத்தான்களின் மேல் ஒட்டப்பட்ட மெல்லிய படலத்திலும், கைத்தொலைபேசியின் உறையிலும் அது பொறிக்கப்பட்டிருக்கின்றது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று அதன் செல்வாக்கைப் பெருக்கிற்று. அவ்வாசகம் முற்றும் பொய் என நான் கூற வரவில்லை. அது எந்த வினாவுக்கு விடை என்பதை அறிந்த பின்னரே அதனை ஏற்றல் வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது வினா, எந்தக் கிருமி என்பது. பக்டீரியா ஓர் உயிரணு. உண்டு வளர்ந்து பெருகுவது. வைரஸ் உயிரணு அன்று. புரதக் கூட்டினுள் அடங்கிய மரபுப்பொருளே அது. மேசை மீது கிடக்கும்போது அது உண்பதுமில்லை, பெருகுவதுமில்லை. ஆகவே பக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கும் பூச்சு, வைரஸை யாதும் செய்யாது விடலாம். வைரஸ்களுக்குள்ளும் வேற்றுமை உண்டு. கொரோனா வைரஸின் கொழுப்புறையைச் சவர்க்காரம் எளிதிற் சிதைக்கும். வாந்தியும் வயிற்றோட்டமும் விளைக்கும் நொரோ வைரஸுக்கு அவ்வுறை இல்லை. அதனை அழித்தல் அரிது. ஒன்றை வென்றது மற்றதையும் வெல்லும் என்பது தர்க்கமாகாது.

இரண்டாவது வினா, எவ்வாறு சோதித்தனர் என்பது. சர்வதேச நியம நிறுவனம் பக்டீரியாவுக்கு 22196 என்னும் இலக்கமுடைய சோதனையையும், வைரஸுக்கு 2019இல் 21702 என்னும் சோதனையையும் வெவ்வேறாக வகுத்துள்ளது. முன்னதில் தேறிய பொருள் பின்னதிலும் தேறியதாகாது. இரண்டிலும் கிருமி கலந்த நீரைப் பரப்பின் மீது இட்டு, அதனை மூடி, ஈரம் உலராது காத்து, 24 மணி நேரம் விடுகின்றனர். பஸ்ஸின் கைப்பிடி அத்தகைய நிலையிலா இருக்கின்றது? அங்கே துளி விரைவில் உலர்கின்றது. அழுக்கும் எண்ணெயும் படிகின்றன. ஒருவர் கையெடுத்த மறுகணமே இன்னொருவர் கை வைக்கின்றார். ஒரு நாளிற் கொல்லும் உறை அக்கணத்தில் என் செய்யும்? மேலும், பத்து இலட்சம் கிருமிகளில் 99.9 வீதம் மடிந்தாலும் ஆயிரம் எஞ்சும் என்பதை மாணவர் கணக்கிட்டு அறியலாம்.

செம்பை எடுத்துக்கொள்வோம். நீர் மொள்ளும் பாத்திரத்துக்கே அவ்வுலோகத்தின் பெயரை இட்ட மரபு நம்முடையது. 2020 மார்ச்சில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கிலும் துருப்பிடியா உருக்கிலும் மூன்று நாள் வரை நிலைத்ததையும், செம்பில் நான்கு மணி நேரத்தின் பின் உயிர்ப்புடன் காணப்படாமையையும் காட்டியது. 2021இல் அமெரிக்காவின் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனம், செம்புக் கலப்புலோகங்கள் சில வைரஸை அழிப்பதாகக் கூற அனுமதித்தது. ஆயினும் அவை வழக்கமான சுத்திகரிப்புக்குத் துணையேயன்றி மாற்றல்ல என்றும் வற்புறுத்தியது. செம்பின் ஆற்றல் மெய்யே. ஆனால் நான்கு மணி நேரத்துள் ஒரு கைப்பிடியை எத்தனை கைகள் பற்றும்!

இறுதி வினாவே தலையாயது: நோய் அவ்வழியால்தான் வருகின்றதா? கொரோனா பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியே பரவுவது. மாசுற்ற பரப்பை ஒருமுறை தொடுவதால் அது தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றினும் குறைவு என அமெரிக்க நோய்த்தடுப்பு மையங்கள் 2021 ஏப்ரலில் அறிவித்தன. நொரோ வைரஸுக்கோ தொடுகை முக்கிய வழியாகும். பரப்பிற் கிருமி குறைந்தது என்பது வேறு. நோயாளர் தொகை குறைந்தது என்பது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை விற்கின்றனர் வணிகர்.

அண்மையில் நான் கடையொன்றிற் கண்ட உறையில், கிருமியின் பெயரோ, கொல்லும் நேரமோ, சோதனையின் இலக்கமோ இல்லை. விலை மட்டும் தெளிவாக இருந்தது. இத்தகைய உறைகளுக்குப் பாடசாலைப் பணத்தைச் செலவிட எண்ணுவோர், அதே பணத்தால் வகுப்பறைக்கு இன்னும் ஒரு சாளரமும், முற்றத்தில் இன்னும் ஒரு நீர்க்குழாயும், அதனருகே சவர்க்காரமும் அமைக்கலாமா என முதலிற் சிந்தித்தல் வேண்டும். உறையை நம்பிக் கைகழுவ மறக்கும் பிள்ளைக்கு, உறையில்லாத கைப்பிடியே பாதுகாப்பானது.