பாதியில் நிற்கக் கூடாத சிகிச்சை

குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய்களில் முதலிடம் ரத்தப் புற்றுநோய்க்கு. அதிலும் பெரும்பங்கு, மருத்துவர்கள் ஏ.எல்.எல். என்று சுருக்கிச் சொல்லும் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா. 2 முதல் 5 வயதுக்குள்தான் இது அதிகம் தலைகாட்டும். எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, மற்ற அணுக்கள் உருவாக இடம் விடுவதில்லை. சிவப்பணு குறைந்து குழந்தை வெளிறிப்போகும். தட்டணு குறைந்து தோலில் செம்புள்ளிகள் தோன்றும், ஈறில் ரத்தம் கசியும். நோயை எதிர்க்கும் நல்ல வெள்ளையணு இல்லாததால் காய்ச்சல் விட்டுவிட்டு வரும். எலும்பு வலியால் சில குழந்தைகள் நடக்கவே மறுக்கும்.

1940-கள் வரை இந்த நோய்க்கு மருந்தே இல்லை. சில வாரங்களில், சில மாதங்களில் முடிந்துபோன வாழ்க்கைகள். இன்று வளர்ந்த நாடுகளில் ஏ.எல்.எல். வந்த குழந்தைகளில் 100-க்கு சுமார் 90 பேர் பிழைக்கிறார்கள். இந்த மாற்றத்தின் முதல் நூலிழை பம்பாயிலிருந்து தொடங்குகிறது.

1928-இல் பம்பாய்க்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளை வாட்டிய கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தபோது அவர்கள் தேறினார்கள். அதிலிருந்த சத்துதான் ஃபோலிக் அமிலம் என்பது பின்னர் தெரியவந்தது. ரத்த அணுக்கள் பெருக அது கட்டாயம் வேண்டும். அப்படியானால் புற்றணுக்களுக்கும் அது தீனியாகுமா? ஆகும் என்று பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் மருத்துவர் சிட்னி ஃபார்பர் கருதினார். ஃபோலிக் அமிலம் சார்ந்த மருந்துகளைக் கொடுத்த குழந்தைகளுக்கு நோய் வேகமெடுப்பதுபோல் அவருக்குத் தோன்றியது. எனில், அந்தச் சத்தை அணுவுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தால்?

தடுக்கும் பொருளைத் தயாரித்துக் கொடுத்தது, அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் எல்லப்ரகட சுப்பாராவ் தலைமையிலான குழு. பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவருடைய குழு உருவாக்கிய அமினோப்டெரின், தோற்றத்தில் ஃபோலிக் அமிலத்தைப் போலவே இருக்கும். பூட்டுக்குள் நுழைந்து முறிந்த சாவிபோல, அணுவின் நொதியில் போய் உட்கார்ந்து வேலையை முடக்கிவிடும். ஃபார்பர் அதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது. 1948 ஜூனில் முடிவுகள் வெளியாயின. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட்தான் இன்றும் குழந்தைகள் வாரத்துக்கு ஒருநாள் விழுங்கும் மாத்திரை.

ஆனால் ஃபார்பரின் குழந்தைகளுக்கு நோய் சில மாதங்களில் திரும்பிவந்தது. ஒற்றை மருந்து போதாது. நம் வேலியோரங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்கிறிஸ்டின் பிரித்தெடுக்கப்பட்டது. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் மெர்காப்டோபியூரினைத் தந்தார்கள். 1960-களில் மெம்பிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்டு பிங்கல், பல மருந்துகளைச் சேர்த்து, கட்டம்கட்டமாக, இரண்டு மூன்று ஆண்டுகள் தொடரும் சிகிச்சையை வகுத்தார். ரத்தத்தில் செல்லும் மருந்து எளிதில் எட்டாத மூளையிலும் தண்டுவட நீரிலும் புற்றணுக்கள் பதுங்கும் என்பதால் அங்கேயும் சிகிச்சை அளித்தார். பாதிக் குழந்தைகள் முழுமையாகக் குணமானார்கள்.

சிகிச்சை ஏன் இவ்வளவு நீள வேண்டும்? நோய் கண்டறியப்படும்போது குழந்தையின் உடலில் சுமார் ஒரு லட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கும். முதல் மாதச் சிகிச்சையிலேயே பெரும்பாலான குழந்தைகளுக்கு மஜ்ஜைப் பரிசோதனை தெளிவாகிவிடும். முகம் தெளியும், ஓடி விளையாடும். அப்போதும் மைக்ராஸ்கோப்புக்குத் தப்பிய புற்றணுக்கள் ஆயிரம் கோடி வரை எஞ்சியிருக்கலாம். மீதி ஈராண்டுச் சிகிச்சையும் அவற்றுக்காகத்தான். இந்தப் பராமரிப்புக் கட்டத்தில் தினமும் போட வேண்டிய மெர்காப்டோபியூரினை அடிக்கடி தவறவிடும் குழந்தைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. 'குழந்தைதான் நன்றாக இருக்கிறதே' என்று நிறுத்திவிடுவது இந்த நோயில் மிகப் பெரிய ஆபத்து.

இந்தியாவில் இந்தப் பாடத்தை முதலில் கற்ற இடங்களில் ஒன்று சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம். 1980-களின் நடுவில் அங்கிருந்த மருத்துவர் வி. சாந்தாவின் குழுவும் மும்பை டாடா நினைவு மருத்துவமனையும் டெல்லி எய்ம்ஸும், அமெரிக்காவில் பணியாற்றிய புற்றுநோய் நிபுணர் இயன் மக்ராத்துடன் சேர்ந்து, எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை முறையைக் கையாளத் தொடங்கின. அதற்குமுன் மிகச் சில குழந்தைகளே தப்பினார்கள். அந்த முறையில் ஏறக்குறைய பாதிப் பேர் நீண்டகாலம் நோயின்றி வாழ்ந்தார்கள். புதிய மருந்து எதுவும் அதில் இல்லை. இருந்த மருந்துகளையே நம் மருத்துவமனைகளால் தாங்க முடிந்த அளவில், ஒழுங்காக, கடைசிவரை கொடுத்ததன் பலன் அது.

இன்றும் வறிய நாடுகள் பலவற்றில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 30 விழுக்காட்டினர்கூடப் பிழைப்பதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2030-க்குள் உலகெங்கும் 60 விழுக்காட்டையாவது எட்ட 2018-இல் இலக்கு வைத்தது. நோய் தாமதமாகத் தெரிவது, வெள்ளையணு எண்ணிக்கை குறைந்த நேரத்தில் கிருமித்தொற்று, நடுவில் நின்றுபோகும் சிகிச்சை எல்லாமே இந்த இடைவெளிக்குக் காரணம். சிகிச்சை நிற்பதற்குப் பெற்றோரின் அலட்சியத்தைக் குறை சொல்வது அநியாயம். கூலிவேலையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் நகரத்தில் தங்க வேண்டும். ஊரில் இன்னொரு குழந்தை இருக்கும். பேருந்துக் கட்டணத்துக்கே கடன் வாங்க வேண்டியிருக்கும். மருந்தை இலவசமாகத் தந்தாலும் இந்தச் செலவுகள் நிற்பதில்லை.

ஆகவே தங்கும் இடம், சாப்பாடு, பயணப்படி, வராத குழந்தையின் வீட்டுக்கு மறுநாளே போன் செய்ய ஓர் ஊழியர் ஆகியவற்றைத் தருமமாகப் பார்க்கக் கூடாது. வின்கிறிஸ்டினும் மெத்தோட்ரெக்சேட்டும் போல இவையும் சிகிச்சையின் பகுதிகள்தான். மருந்துக்கு ஒதுக்கும் அதே வரவுசெலவுக் கணக்கில் இவற்றுக்கும் இடம் வேண்டும். குழந்தைப் புற்றுநோய்க்கு நிதி ஒதுக்கும் அரசும் கொடையளிக்கும் நல்லவர்களும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை பேருக்குச் சிகிச்சை தொடங்கினோம் என்பது அல்ல. எத்தனை பேரை முடிக்கவைத்தோம் என்பதே.