குதிரை வளர்ப்போரும் நுரையீரல் நோயும்

நம் நாட்டில் குதிரை பலருக்கு ஆடம்பரம் அன்று, பிழைப்பு. உத்தரப் பிரதேசத்துச் செங்கற்சூளைகளில் வண்டி இழுப்பவையும், கேதார்நாத் மலைப்பாதையில் யாத்திரிகர்களைச் சுமப்பவையும் குதிரைகளும் கோவேறு கழுதைகளுமே. 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் 6.2 லட்சமாக இருந்த குதிரைகள், மட்டக்குதிரைகளின் எண்ணிக்கை 2019இல் 3.4 லட்சமாகக் குறைந்தது. இவற்றை நம்பி வாழும் குடும்பங்களை வாட்டக்கூடிய ஒரு நோய் லாயத்துத் தூசியிலிருந்து தோன்றுகிறது.

நோயின் தோற்றம்

நன்கு காயாமல், 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும்போதே அடுக்கப்படும் உலர்புல் தானாகச் சூடேறிப் பூசணம் பிடிக்கிறது. அதைப் பிரித்து உதறும்போது எழும் நுண்வித்துகள் நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று, சிலருக்கு ஒவ்வாமை அழற்சியை உண்டாக்குகின்றன. 1932இல் பிரிட்டனில் விவரிக்கப்பட்ட இந்நோய் 'உழவர் நுரையீரல்' எனப் பெயர் பெற்றது.

தூசியில் உழைத்த நான்கு முதல் எட்டு மணி நேரத்தில் குளிர்காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றும். ஓரிரு நாளில் தணியும். எனவே இதைச் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணிவிடுகின்றனர். காசநோய் என்று கருதப்படுவதும் உண்டு. தூசியில் தொடர்ந்து உழைப்பவருக்கு நுரையீரல் தழும்பேறி இறுகக்கூடும். அத்தழும்பு மருந்தினால் மறைவதில்லை.

தடுக்கும் வழிகள்

தூசியை விட்டு விலகுவதே முதல் சிகிச்சை. ஆனால் குதிரையே மூலதனமாக உள்ளவருக்கு அது தொழிலை விடுவதற்கு ஒப்பாகும். ஆகவே தூசியைக் குறைக்கும் முறைகளே முதலில் பயன்தரும். உலர்புல்லையும் கோதுமைத் தூளையும் நீரில் நனைத்து அன்றே ஊட்டிவிட வேண்டும். பூசணம் பிடித்த தீனியை நனைத்துப் பயனில்லை, கழித்துவிட வேண்டும். தீனியை லாயத்துக்கு அப்பால், தரையில் படாமல் மேடையிட்டு அடுக்குதல் நலம். தரையில் நீர் தெளித்த பின்னரே பெருக்க வேண்டும். குதிரையைத் தேய்ப்பதைத் திறந்த வெளியில் செய்யலாம். முகத்தில் சுற்றும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. என்-95 போன்ற முகக்கவசம் தேவை. நோயுற்றவர் புல் பிரிக்கும் வேலையைப் பிறரிடம் விடுவது சிறந்தது. இவ்வளவுக்குப் பின்னும் மூச்சுத்திணறல் பெருகினால், லாயத்தை விட்டு விலகுவதைத் தவிர வேறு வழியில்லை.

இதே தூசி குதிரைக்கும் ஆஸ்துமாவை உண்டாக்குகிறது. இருமும் குதிரை விரைவில் களைத்துவிடும், வருமானமும் குறையும். ஆதலால் ஒரு வாளி நீருக்கான உழைப்பு, உடையவரையும் குதிரையையும் சேர்த்தே காக்கிறது.

அரசுத் துறைகளின் பங்கு

வீட்டை ஒட்டிய லாயத்திற்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வருவதில்லை. கால்நடை மருத்துவரோ வருகிறார். குதிரையின் இருமலைக் கேட்கும் அவர், உடையவரின் இருமலையும் விசாரித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பலாம். அங்குள்ள மருத்துவர், 1700இல் இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி வலியுறுத்திய கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும்: நீர் செய்யும் தொழில் யாது? அதற்குரிய விடையிலிருந்தே சரியான சிகிச்சை தொடங்குகிறது.