கால் அங்குலத்துக்கு ஓரடி

சென்ற கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்டபோது என் பெட்டியில், வேட்டியில் சுற்றிய ஆகாய விமானம் ஒன்று இருந்தது. மர விமானம், இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை பத்தே அங்குலம். இயற்பியல் முதுகலை படிப்பவனுக்கு இது என்ன பிள்ளை விளையாட்டு என்று பெங்களூர் விடுதித் தோழர்கள் நகைத்தனர். அவர்களுக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். யாருக்காகச் செய்தேன் என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

விமானத்தின் பெயர் ஹாக்கர் ஹரிக்கேன். சிட்னி காம் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தது. 1935 நவம்பரில் முதன்முதல் பறந்தது. ஸ்பிட்ஃபயரின் எழில் இதற்கில்லை. முதுகு கூன், இறக்கை தடிப்பு. பின்னுடலுக்கு உலோகத் தகடுகூடக் கிடையாது. எஃகுக் குழாய்களைச் சுற்றி மரச் சட்டங்களைப் பொருத்தி, அதன்மேல் லினன் துணியை இழுத்துப் போர்த்தியிருந்தார்கள். உள்ளுக்குள் மரம் வைத்திருந்த விமானத்தை மரத்திலேயே செய்வது பொருத்தம் என்று எனக்குப் பட்டது.

முதலில் அளவு. மெய்யான விமானத்தின் இறக்கை 40 அடி. உடல் 32 அடிக்குச் சற்று அதிகம். நாற்பத்தெட்டில் ஒரு பங்காகக் குறைத்தால், ஓரடிக்குக் கால் அங்குலம். கணக்கு மனத்திலேயே முடிந்துவிடும். போர்க்காலத்தில் பெயர் பெற்ற அளவு இதனினும் சிறியது, எழுபத்திரண்டில் ஒரு பங்கு. 1942-இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர மாதிரிகள் வேண்டுமென்று கேட்டது. எல்லாவற்றுக்கும் கறுப்பு வண்ணம். அம்மாதிரியை 35 அடி தள்ளி வைத்துப் பார்த்தால், 35 × 72 = 2,520 அடியில், அதாவது ஏறக்குறைய அரை மைலில், மெய் விமானம் எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும். கண்ணில் விழும் கோணம் ஒன்றுதானே! நிழலுருவைக் கண்ட மாத்திரத்தில் வருவது நட்பா பகையா என்று சொல்லப் படைவீரர்கள் பழகியது இத்தகைய பொம்மைகளைக் கொண்டுதான்.

சன்னபட்டணத்துப் பொம்மைகளுக்கு ஆகும் வெட்பாலை மரத்தில் துண்டுகள் வாங்கினேன். வெள்ளை மரம், நெருங்கிய இழை. உளியோடு முரண்டு பிடிக்காது. ஆனால் முரண்டு பிடித்தது என் அறிவு. உடலையும் இறக்கையையும் ஒரே கட்டையில் செதுக்கத் துணிந்தேன். இழை உடலின் நீளவாக்கில் ஓடிற்று. ஆகவே இறக்கைக்குக் குறுக்காக அமைந்தது. உப்புத்தாள் போடும்போதே இறக்கை ‘படக்’கென்று முறிந்தது. மூன்று வார உழைப்பு! தச்சுப் பட்டறைச் சிறுவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. மரத்தின் வலிவு இழையின் போக்கில் இருக்கிறது. இரண்டாம் முறை இறக்கைக்குத் தனித்துண்டு எடுத்தேன்; இழை நுனிக்கு நுனி ஓடும்படி வைத்தேன்.

உடலுக்குக் கட்டையின் பக்கவாட்டில் ஓர் உருவமும் மேற்புறத்தில் ஓர் உருவமும் வரைந்து, இரண்டையும் ரம்பத்தால் அறுக்க வேண்டும். அப்போது சதுர விமானம் ஒன்று கிடைக்கும். பார்க்கச் சிரிப்பு வரும். பிறகு மூலைகளை உளியால் தட்டி, அரத்தால் உருட்டி, அட்டையில் வெட்டிய அளவுத் துண்டை இடத்துக்கிடம் வைத்து வெளிச்சம் புகாதவரை தேய்க்க வேண்டும். ஹரிக்கேனின் இறக்கையில் நடுப்பகுதி மட்டமாயிருக்கும். வெளிப்பகுதி மட்டும் சிறிதே மேல்நோக்கும். இதைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் சரியாயிருந்தும் அது ஹரிக்கேன் ஆகாது. துணியடியில் மரச்சட்டங்கள் புடைத்துத் தெரிவதற்குத் தையல் நூலை நீளவாக்கில் ஒட்டி, பட்டி பார்த்து, மேலே வண்ணம் அடித்தேன்.

வண்ணம் எளிது. மேலிருந்து பார்ப்பவனுக்குக் காடும் மண்ணுமாகத் தெரிய மேற்புறம் பச்சையும் பழுப்பும். அண்ணாந்து பார்ப்பவனுக்கு வானோடு கலந்துவிட அடிப்புறம் வெளிறிய நிறம். இடர்ப்பாடு வட்டச் சின்னத்தில்தான் வந்தது. பிரிட்டிஷ் சின்னத்தின் நடுவில் சிவப்பு. ஜப்பானியர் சின்னமோ முழுச் சிவப்பு வட்டம். விரைந்து செல்லும் விமானத்தில் கண்ணுக்குச் சிவப்புத்தான் முந்தும். தம்மவரையே சுடும் விபரீதம் நேராதிருக்க, பிற்பாடு இந்திய-பர்மா முனையில் அந்தச் சிவப்பை நீக்கினார்கள். 1944-இல் அர்ஜன் சிங் தலைமையில் இம்பாலில் ஹரிக்கேன் ஓட்டிய நம் முதலாம் அணியின் காலத்தில் சிவப்பில்லை. நம்மவர் ஓட்டியதல்லவா, அதையே தீட்டுவோம் என்றுதான் கவராயத்தை எடுத்தேன்.

அப்பத்தா நினைவு வந்தது. 1942-இல் ரங்கூனிலிருந்து தாமு வழியாக மணிப்பூருக்கு நடந்து வந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். அப்போது வயது ஐந்து. பாதித் தொலைவு தந்தையின் தோள்மேல். வானில் இரைச்சல் கேட்டால் எல்லாரும் மரத்தடிக்கு ஓடுவார்களாம். அந்த ஆண்டு ஜனவரியிலேயே ஹரிக்கேன்கள் பர்மாவுக்கு வந்துவிட்டன. அவற்றுக்கு நடுவில் சிவப்பு இருந்தது. கவராயத்தால் மூன்று வட்டம் போட்டேன். உள்வட்டத்துக்குச் சிவப்பே வைத்தேன்.

இப்போது அப்பத்தாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. விமானத்தை மடியில் வைத்தேன். கூன் முதுகைத் தடவினார். நூல் புடைப்பை விரலால் எண்ணினார்.

“செவப்பு எங்கடா இருக்கு?”

விரலைப் பிடித்து இறக்கையின் அடியில் வைத்தேன்.

“இது நம்ம பக்கத்துதா, அவனுகளுதா?”

“நம்ம பக்கத்துதுதான், அப்பத்தா.”

விரலை எடுக்கவில்லை. “எங்கய்யாவுக்கும் தெரியல. ஒவ்வொரு தரமும் என்னையத் தூக்கிக்கிட்டு ஓடினாரு” என்றார்.