நோயச்சமும் உறுதி தேடும் பழக்கமும்

வருமுன் காப்பது அறிவுடைமை என்பதை மறுப்பார் இலர். ஆயினும், இல்லாத நோயை இருப்பதாக அஞ்சி, மருத்துவர் மாற்றி மருத்துவரிடமும், ஆய்வகம் மாற்றி ஆய்வகத்துக்கும் அலைந்து, "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்ற சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்க விழைவது காப்பு ஆகாது. அதுவே ஒரு துன்பமாகி, மன அமைதியையும் குடும்ப வருவாயையும் ஒருங்கே குலைக்கிறது.

நீண்ட காலம் இந்நிலை 'ஹைபோகாண்டிரியா' என்று அழைக்கப்பட்டது. அச்சொல் ஏளனப் பொருள் பெற்றுவிட்டதால், அமெரிக்க மனநோய் மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட வகைப்பாட்டில் அது கைவிடப்பட்டது. நோயைப் பற்றிய கவலையே மேலோங்கி நிற்கும் நிலைக்கு 'நோய்க் கவலைக் கோளாறு' என்ற பொருள்படும் பெயர் இடப்பட்டது. இது பாசாங்கு அன்று. அஞ்சும் நோய் இல்லாதிருக்கலாம். ஆனால் அச்சம் மெய்யானது.

அச்சம் சுழலும் விதம்

உடலில் எந்நேரமும் சிறு சிறு உணர்வுகள் தோன்றி மறைகின்றன. அவற்றுள் ஒன்றை மனம் ஆபத்தின் அறிகுறியாகக் கொள்ளும்போது அச்சம் எழுகிறது. அச்சத்தால் அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு விரைகிறது. அச்சத்தின் விளைவான இவையே நோய்க்குச் சான்றாகவும் தோன்றுகின்றன. கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று நாளில் பலமுறை அழுத்திப் பார்ப்பவருக்கு, அழுத்தியதாலேயே அவ்விடம் வலிக்கிறது.

இந்நிலையில் அவர் உறுதி தேடுகிறார்; மருத்துவரையும் மனைவியையும் கேட்கிறார்; நள்ளிரவில் கைப்பேசியில் தேடுகிறார். சாதாரணத் தலைவலியைப் பற்றித் தேடியவர் மூளைக்கட்டியைப் பற்றிப் படித்துவிட்டு உறக்கம் இழக்கிறார். நல்ல விடை கிடைத்தால் அச்சம் சற்றுத் தணிகிறது. அத்தணிவே அடுத்த முறையும் கேட்குமாறு மனத்தைப் பழக்கிவிடுகிறது. ஆறுதல் கூறுவதே இவ்வாறு நோயை நிலைபெறச் செய்யலாம் என்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்களான வார்விக், சால்கோவ்ஸ்கிஸ் இருவரும் 1985இல் எடுத்துக்காட்டினர்.

ஓர் அனுபவம்

இதை எழுதுபவனுக்கும் இத்துன்பம் புதிதன்று. என் தந்தையார் மாரடைப்பால் மறைந்த பின், ஆறு மாதங்களில் நான்கு முறை ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டேன். நான்கும் சீராகவே இருந்தன. முதலாவது அளித்த நிம்மதி ஒரு மாதம் நீடித்தது. நான்காவது அளித்தது, பேருந்தை விட்டு இறங்குவதற்குள் கரைந்தது. பொருளியல் மாணவர் அறிந்த குறைந்து செல் பயன்பாட்டு விதிதான் இது. வேறுபாடு ஒன்று உண்டு. உண்ண உண்ணப் பசி அடங்கும். இங்கோ பயன் குறையக் குறைய வேட்கை பெருகுகிறது.

ஐந்தாம் முறை சென்றபோது மருத்துவர் சோதனை எதையும் எழுதித் தரவில்லை. "மூன்று மாதம் கழித்து வாருங்கள். உடல் நன்றாக இருந்தாலும் வாருங்கள், ஐயம் தோன்றினாலும் அதுவரை பொறுங்கள்" என்றார். அன்று அது கடுமையாகத் தோன்றியது. அதுவே சிகிச்சையின் தொடக்கம் என்பது பின்னரே விளங்கிற்று.

சோதனைகளின் கணக்கு

மேலும் மேலும் சோதித்தால் ஐயம் தீரும் என்பது பொதுவான எண்ணம். கணக்கு வேறாக உள்ளது. ஆய்வக அறிக்கையில் காணும் 'இயல்பு அளவு', பெரும்பாலும் நலமுடையோரில் நூற்றுக்கு 95 பேரை உள்ளடக்குமாறு வகுக்கப்படுகிறது. எஞ்சிய ஐவர் நலமாக இருந்தும் எல்லைக்கு வெளியே நிற்பர். ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை ஒருவர் செய்துகொண்டால், அனைத்தும் இயல்பாக அமையும் வாய்ப்பு சுமார் 36 சதவீதமே. அதாவது, முழு உடற்பரிசோதனைக்குச் செல்லும் நலமுடையோர் மூவரில் இருவர் ஏதேனும் ஒரு 'குறை'யுடன் திரும்பக்கூடும். அக்குறை மறுசோதனைக்கும் புதிய அச்சத்துக்கும் வழிவகுக்கிறது.

நம் நாட்டின் மொத்த நலவாழ்வுச் செலவில் குடும்பங்கள் தம் கையிலிருந்து நேரடியாகத் தரும் பங்கு, 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்து, 2021-22இல் 39.4 சதவீதமாகக் குறைந்துள்ளது. ஆயினும் இது சிறு சுமை அன்று. தேவையற்ற சோதனைக்குச் செல்லும் பணம் பிள்ளைகளின் கல்வியிலிருந்தோ, உணவிலிருந்தோ எடுக்கப்படுவதாக இருக்கலாம். அவ்வாறே, மருத்துவர் செலவிடும் நேரமும் வெளியே காத்திருக்கும் மற்றொரு நோயாளிக்கு உரியது.

மீளும் வழிகள்

முதலாவது, ஒரே மருத்துவரைத் தேர்ந்து, குறித்த இடைவெளியில் மட்டும் அவரைக் காண்பது. இரண்டாவது, உறுதி தேடும் விருப்பம் எழும்போது அதை ஒரு மணி நேரம் ஒத்திவைத்து, படிப்படியாக அந்நேரத்தை நீட்டுவது. அச்சம் தானே எழுந்து தானே தணிவதை மனம் இதனால் கற்றுக்கொள்கிறது. மூன்றாவது, நாடி பார்த்தல், தடவிப் பார்த்தல், இணையத்தில் தேடுதல் ஆகியவற்றை எண்ணிக் குறித்துவைத்துக் குறைப்பது. நான்காவது குடும்பத்தாரின் பங்கு. "உனக்கு ஒன்றுமில்லை" என்று நூறு முறை கூறுவதும், "எல்லாம் மனப்பிரமை" என்று சினப்பதும் பயன் தரா. "நீ அஞ்சுவது தெரிகிறது, இதற்கு நாம் முன்பே விடை கண்டுவிட்டோம்" என்று பரிவுடன் கூறி வேறு பணியில் ஈடுபடுத்துவதே நன்று.

எனினும், நெஞ்சை அழுத்தும் வலி, ஒரு பக்கக் கை கால் திடீரெனச் செயலிழத்தல், மூச்சுத்திணறல் போன்றவற்றில் ஒத்திவைப்புக்கு இடமில்லை. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இருமலில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றையும் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சொந்த முயற்சி போதாதபோது, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றியமைக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை நற்பயன் தருகிறது. தேசிய மனநலத் திட்டம் 1982இலும், மாவட்ட மனநலத் திட்டம் 1996இலும் தொடங்கப்பட்டன. 2022 அக்டோபர் 10இல் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

முழு உறுதி எந்த மருத்துவராலும் தரக்கூடியது அன்று. நாளை என்னவாகும் என்று அறியாமலே உழவர் விதைக்கிறார், மாணவர் படிக்கிறார். அவ்வறியாமையுடன் அன்றாடக் கடமைகளை ஆற்றப் பழகுவதே நலவாழ்வின் ஒரு பகுதியாகும். மூன்று மாதம் கழித்து நான் அம்மருத்துவரிடம் சென்றபோது, கேட்பதற்கு என்னிடம் கேள்வி ஒன்றும் இருக்கவில்லை.